அண்ணனின் ரைபிளை மலைக்குக் கொண்டுவந்த வருடம்

1

என் அண்ணனின் ரைபிள் மலைக்கு வந்து இந்தத் தையோடு ஒரு வருடம் முடிகிறது. லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டுவது எங்கள் பக்கத்து நடைமுறை. போன வாரம் போனேன். ஏழு பேர் வந்திருந்தோம். ஆறு பேருக்கு பெஞ்சு இருந்தது. எனக்குச் சுவர் இருந்தது. ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கான்ஸ்டபிள், என் முறை வந்ததும், "இனி பாண்டிக்காரன் வரட்டே" என்றார். தமிழனுக்கு இங்கே அதுதான் பெயர். அவருக்கு என் பெயர் தெரியாமல் இல்லை. பல வருடமாக ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறோம். பெயர் சொல்லும் அளவுக்கு நான் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கீழே என் சொந்த ஊருக்குப் போனால் இது நேர்மாறு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "மலையாளத்தான் வந்துட்டான்யா" என்று யாராவது சத்தம் போடுவார்கள். ஏலக்காய் ஏதோ புளியமரத்தில் காய்ப்பது போலவும், நான் கீழே நின்று துண்டை விரித்துப் பிடிப்பது போலவும் அவர்களுக்கு ஒரு நினைப்பு.

நான் உடும்பஞ்சோலைப் பக்கம் வந்தது பதினேழு வயதில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஏலத்தோட்டத்தில் களை எடுக்க வந்தேன். அப்போது இது திருவிதாங்கூர். பிறகு ஒருநாள் கோடு போட்டு மாநிலம் பிரித்தார்கள். மலை ஏறியதாக நினைத்துக்கொண்டிருந்தவனை, நீ வேறு தேசம் போய்விட்டாய் என்றார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் பத்திரிகைகளில் எழுதுவதைப் படித்திருக்கிறேன். கப்பல், பனி, பாஸ்போர்ட் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு பஸ்தான். கொண்டை ஊசி வளைவும் பக்கத்து சீட்டுக்காரரின் வாந்தியும்தான். மலையுச்சியில் எல்லை இருக்கும் மெட்டில் நின்று பார்த்தால் ஊர்க் குளம் தெரியும். அந்த அளவு தூரத்துக்கே ஒரு துப்பாக்கியைச் சட்டப்படி கொண்டுவர எனக்கு ஒரு வருடம் ஆனது.

நான் பேசத் தெரியாதவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவும் கூச்சம். அப்போது சொல்லாமல் விழுங்கியதை இப்போது எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் ஆபத்தில்லை. எங்கள் ஊருக்குப் பத்திரிகை வருவது வடையில் எண்ணெய் ஒற்றுவதற்குத்தான்.

2

அண்ணன் இளவயதில் மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தார். துரை ஊரைக் காலி செய்து போகும்போது தன் சின்ன ரைபிள் ஒன்றை முறைப்படி எழுதிக் கொடுத்து அண்ணனுக்கு விற்றுவிட்டுப் போனார். அண்ணன் அதோடு கீழே இறங்கி, லைசன்ஸும் எடுத்து, வீட்டுச் சுவரில் மாட்டினார். இருபது வருடத்தில் அவர் சுட்டது ஒரே ஒருமுறை. வெறிநாய் ஒன்றைச் சுட்டார். நாய் தப்பித்து, மறுநாள் தானாகச் செத்தது. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் "துப்பாக்கிக்காரர்". பஞ்சாயத்தில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். ஒரு இரும்புக் குழாயைச் சுவரில் மாட்டினால் மனிதனுக்கு நாற்காலி கிடைக்கிறது என்றால் அந்த ஊரைப் பற்றி வேறென்ன சொல்வது.

அண்ணன் இறந்த மறுநாளே மதினி அந்த ரைபிளைப் போர்வையில் சுற்றி, தலையாரியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். லைசன்ஸ்காரர் இறந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். மதினிக்குச் சட்டம் தெரிந்திருக்கிறதே என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என்னை மாட்டுக் கொட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, அதை நீ மேல கொண்டுபோயிரு."

"எதை மதினி?"

"எதையா? உங்க அண்ணன் வச்சுட்டுப் போன சனியனைத்தான். செல்லப்பாண்டி தன் பேருக்கு லைசன்ஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்கான். கட்சிக்காரரு ஒருத்தரு சிபாரிசு பண்றேன்னிருக்காரு."

செல்லப்பாண்டி அவர் மகன். ஒரே மகன். இருபத்துநாலு வயது. மீசைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை வயலுக்குச் செலவழித்தால் குடும்பம் நிமிர்ந்திருக்கும். பக்கத்து வயல்காரன் சின்னச்சாமிக்கும் இவர்களுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த கரண்டில் யார் முறை என்பதில் சண்டை. அந்தச் சண்டையில் சின்னச்சாமி இவனை வாய்க்கால் சேற்றில் தள்ளியிருக்கிறான். நாற்று நட வந்த பெண்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"அப்பேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கான் தம்பி. அப்பா துப்பாக்கி கைக்கு வரட்டும், அவன் நெஞ்சுல ஒண்ணு வைக்கிறேன்னு."

"சொல்றவன் செய்வானா மதினி?"

"யோசிக்கிறவனாயிருந்தா செய்ய மாட்டான். இவன் செய்வான்." மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவன் குழிக்குள்ள போவான், இவன் ஜெயிலுக்குள்ள போவான். நான் எங்க போக? குடும்பத்துல உனக்குத்தான் ஏற்கெனவே லைசன்ஸ் இருக்கு. அவன் பேப்பர் வர்றதுக்குள்ள நீ முந்திக்கோ."

எனக்கு லைசன்ஸ் இருந்தது உண்மைதான். என் நாலு ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கும் பகுதியைப் பன்றிகள் உழுதுவிடுவதால், பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தேன். அந்த லைசன்ஸில் இந்த ரைபிளையும் சேர்க்க வேண்டும். அதுதான் வேலை. ஆனால் எந்த ஆபீசிலும் உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் செல்லப்பாண்டி அன்றைக்கே உள்ளே போவான். ஆகவே எல்லா இடத்திலும் பன்றியைத்தான் சொல்ல வேண்டும்.

3

மேலே ஜில்லா ஆபீசுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். என் மகள் மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாத்தியார் பயிற்சிப் படிப்பு படிக்கிறாள். இருபது வயது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் ஊருக்கு எழுதும் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, பூராம் கட்டம் கட்டமா இருக்கு" என்பாள். நானும் அவள் அம்மாவும் பேசிக்கொள்வதைச் சிநேகிதிகளுக்கு நடித்துக் காட்டுவாள் என்று கேள்விப்பட்டேன். விண்ணப்பத்தை அவள்தான் மலையாளத்தில் எழுதினாள். உண்மைக் காரணம் அவளுக்கும் தெரியும். தெரியாமல் எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிரிவின் குமாஸ்தா விண்ணப்பத்தை விரல் நுனியால் பிடித்துப் படித்தார். நனைந்த துணியைத் தூக்குவது போல.

"தோக்கு ஒண்ணு உண்டல்லோ. பின்னெ எந்தினா இது?"

ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

"பன்னி நெறைய உண்டு சார்" என்றேன்.

"ரெண்டு கையிலும் ரெண்டு தோக்கு பிடிச்சு வெடி வைக்குமோ?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அவர் பேப்பரை ஃபைல் கட்டுக்குள் சொருகி, கீழ் ஜில்லாவிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று முதலில் எழுத்து வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

வெளியே வந்ததும் மல்லிகா செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குப்பா கையைக் கட்டுறீங்க? அவன் சம்பளம் வாங்கறவன். நீங்க என்ன அவன் வீட்டுப் பணிக்காரனா? பழைய பன்னித் துப்பாக்கி துருப்பிடிச்சிருச்சு, அதுக்குப் பதிலா இதுன்னு சொல்லியிருந்தா வாயடைச்சுப் போயிருப்பான்."

"அதை நீ சொல்லியிருக்கலாமே."

"எங்க அப்பாவுக்கு நாக்கு இருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

அந்த வயதில் நான் என் அப்பாவிடம் அப்படிப் பேசியிருந்தால் பல் இருந்திருக்காது. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

4

கீழ் ஜில்லா ஆபீசுக்கு மல்லிகா எழுதிய விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் ஒரு பார்வை பார்த்தார்.

"யோவ், என்னய்யா இது ஜிலேபி பிழிஞ்சு கொண்டாந்திருக்க? தமிழ்ல எழுதத் தெரியாதா?"

"தெரியுமுங்க. அங்க ஒப்பு வாங்கணும்னு…"

"ஒப்பா? கையெழுத்துன்னு சொல்லு. மலையாளத்தானா நீ?"

நான் உங்கள் ஜில்லாக்காரன்தான் என்று சொல்ல நினைத்தேன். தெருவில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்டிடம் போய் இங்கிலீஷில் அடித்து வாங்கி வந்தேன். எனக்கும் படிக்கத் தெரியாது, அவருக்கும் பாதிதான் தெரிந்தது, ஆனால் பேப்பர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு ஆபீசுக்கும் திருப்தி.

அதைப் படித்துவிட்டுக் கீழ் ஆபீஸ்காரர் சொன்னது இது: "மேல அவங்க லைசன்ஸ்ல சேர்க்கிறோம்னு முதல்ல எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம்தான் நாங்க ஆட்சேபணை இல்லைன்னு சொல்ல முடியும்."

மேலே போனேன். "அவர் ஆத்யம் பறயட்டே." அவர்கள் முதலில் சொல்லட்டும். கீழே வந்தேன். "அவங்க முதல்ல சொல்லட்டும்யா." சித்திரையிலிருந்து கார்த்திகை வரை இரண்டு வாக்கியத்துக்கு நடுவே மலை ஏறி இறங்கினேன். பஸ் கண்டக்டர்கள் என்னைப் பார்த்ததும் டிக்கெட் கிழித்துவிடுவார்கள்.

அது எமர்ஜென்சிக் காலம். குமாஸ்தாக்கள் எல்லாம் நேரத்துக்கு வந்தார்கள். அதைப் பெரிய மாற்றம் என்று ரேடியோவில் சொன்னார்கள். உண்மைதான். முன்பெல்லாம் பதினொன்றரைக்கு வந்து நாளை வா என்பவர்கள், இப்போது பத்து மணிக்கே வந்து நாளை வா என்றார்கள்.

நடுவில் மதினியிடமிருந்து கார்டுகள் வந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஆசிரியரைக் கொண்டு எழுதியவை, ஆகவே எல்லாம் மறைத்துத்தான் இருக்கும். "இங்கே பன்றி தொந்தரவு அதிகமாகிறது. சீக்கிரம் வரவும்." ஒன்றில், "பன்றி நேற்று டீக்கடையில் மறுபடியும் பேசியது" என்று இருந்தது. கார்டு கொண்டுவந்த தபால்காரர் அதை மல்லிகாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டார். அவளுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே. என்னிடம் கொடுத்துவிட்டு இருவருமாக என் முகத்தைப் பார்த்தார்கள். விதைக் கிழங்கு விஷயம் என்றேன்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது நீதியும் இல்லை, இரக்கமும் இல்லை. கீழ் ஆபீஸ்காரருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. நான் போன அன்று மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"இன்னுமா நீ அலையிற? கொண்டா அதை. நாளைக்கு வர்றவன் என் மேஜையில ஒரு பேப்பர் கிடந்துச்சுன்னு சொல்லிடக் கூடாது."

ஸ்டேஷனில் ரைபிளைச் சரிபார்த்து, வாரிசுகளின் சம்மதம் வாங்கி, எல்லாம் ஒழுங்காக இருந்தால் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று எழுதி, அதிகாரி கையெழுத்துக்கு வைத்த நாற்பது ஐம்பது பேப்பரோடு சேர்த்து அனுப்பினார். மதியத்துக்குள் வந்துவிட்டது. எட்டு மாதம் முடியாதது, ஒரு மேஜையைத் துடைக்க வேண்டி வந்ததும் அரை நாளில் முடிந்தது.

5

இனி வாரிசு சம்மதம். மதினி கைநாட்டு வைக்கத் தயார். செல்லப்பாண்டி கையெழுத்துப் போட வேண்டும்.

"குடும்பச் சொத்து சித்தப்பா. அப்பா நினைவா இருக்கிற ஒரே பொருளு. அதை மலையாளத்துக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"நானும் குடும்பம்தானே பாண்டி."

"நீங்க அந்தப் பக்கத்து ஆளு. அதுபோக, பன்னி எதுர்ல வந்தா நீங்க பன்னிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிப்பீங்க. உங்களுக்கு எதுக்கு ரைபிளு?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கே போனாலும் என்னைச் சுற்றி யாராவது நாலு பேர் சிரிக்க இருக்கிறார்கள். அவன் லைசன்ஸ் பேப்பரும் நகர்ந்துகொண்டிருந்தது. சிபாரிசு செய்தவர், பொங்கலுக்குள் கையில் இருக்கும் என்று சொல்லியிருந்தாராம். ஸ்டேஷனுக்கு மட்டும் வா, ஐயா முன்னால் உன் ஆட்சேபணையைச் சொல் என்று மதினி எப்படியோ கூட்டிவந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் லைசன்ஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ரைட்டரிடம், "நம்பரைப் படி" என்றார்.

ரைட்டர் ரைபிளைத் திருப்பினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். விரலால் தடவினார். "நம்பர் இல்லீங்கய்யா" என்றார்.

இரும்பு வெள்ளித் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. நம்பர் இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டில் மண்வெட்டி, அரிவாள், ஏர்க்கொழு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நடு இடம் ரைபிளுக்கு. மண்வெட்டி மினுங்கும்போது ரைபிள் மங்கலாக இருக்கலாமா? உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். முதலில் கறுப்புச் சாயம் போனது. பிறகு துரைத்தனத்தார் பொறித்த எழுத்துக்கள் போயின. இருபது பூஜையில் நம்பரும் போய்விட்டது. கடைசிப் பத்து வருடம் தேய்த்தது செல்லப்பாண்டி. முகம் தெரிகிறதா பார் என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவான். நான் பார்த்திருக்கிறேன். என்னிடமும் காட்டியிருக்கிறான்.

இதில் ஸ்டேஷன்காரர்களுக்கும் பங்கு உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் அண்ணன் ரைபிளை ஒப்படைத்திருக்கிறார், திரும்ப வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் லைசன்ஸைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டார்களே தவிர, ரைபிளைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "நம்பரை அழிச்ச துப்பாக்கி வச்சிருந்தா என்னன்னு தெரியுமாடா? கேஸு. ஜாமீன்கூட லேசுல கிடைக்காது. எவன் அழிச்சது?"

எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இப்ப எவனுக்கு வேணும்? அவன் பேருல எழுதிக்கிறேன். விசாரணை அவன்கிட்ட ஆரம்பிக்கும்."

செல்லப்பாண்டியின் மீசை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொங்கியது. "எனக்கு வேணாம் சார்" என்றான். "எங்கப்பாதான் சார் தேய்ப்பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. சித்தப்பாதான் கேக்குறாரு. அவரு பேருக்கே எழுதிக்கோங்க."

பேனா கேட்டு வாங்கி, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். காட்டாத ஒரு இடத்திலும் போட்டான். லைசன்ஸ் கேட்டு எழுதிய மனுவையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தான். ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்லத் துணிந்தவன் உப்புத்தாளுக்குப் பயந்துவிட்டான். செத்த அப்பன் மேல் பழியைப் போட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல அது நேரம் இல்லை.

"நீ?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து.

மதினி என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காந்தி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நானும் சொல்லிவிடலாம். வீட்டில் மனைவியும் மகளும், பாதி விலைக்குக்கூடப் போகாத நாலு ஏக்கரும் இருக்கின்றன. ஆனால் இருவரும் வேண்டாம் என்றால் ரைபிள் ஸ்டேஷனிலேயே கிடக்கும். பயம் ஒரு மாதத்தில் தெளியும். கட்சிக்காரர் மறுபடி வருவார்.

"நான் எடுத்துக்கிறேன் சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

6

ரைபிளை ஜில்லா தலைநகரிலிருந்து வந்து பார்த்த போலீஸ் ஆயுத மெக்கானிக் ஒரு வயதான மனிதர். இந்த ஒரு வருடத்தில் தன் வேலை தெரிந்த ஆளாக நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். என்னை உட்காரச் சொன்னார். ரைபிளைக் கையில் வாங்கியதும் சிரித்தார்.

"ஆயுத பூஜையா?"

"ஆமாங்க."

"வருசத்துக்கு நாலஞ்சு இப்படி வருது. பக்தியில தேய்ச்சே கொன்னுபுடுறீங்க." திருப்புளியால் இரண்டு திருகாணியைக் கழற்றி, மரக் கட்டையை இரும்பிலிருந்து பிரித்தார். குழாயின் அடிப்பக்கம், மரத்துக்குள் மறைந்திருந்த இடத்தில், நம்பர் நேற்று அடித்தது போல இருந்தது. "நல்லவேளை, கட்டையைக் கழட்டி உள்ளயும் சந்தனம் பூசாம விட்டீங்க" என்றார்.

லைசன்ஸ் நம்பரோடு ஒத்துப்போயிற்று. கேஸ் இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததை மேலே கொண்டுபோனேன். இந்த முறை மல்லிகா முன்னால் நின்று பேசினாள். நான் அவள் பின்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். கட்டாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லைசன்ஸில் சேர்த்தார்கள். ஒரே ஒரு நாளுக்கு, இன்ன வழியாக, குண்டு தனியாகவும் விசையான குதிரைப் பாகம் தனியாகவும் கழற்றி வைத்து, மேலே கொண்டுவரலாம் என்று அனுமதிப் பேப்பரும் கிடைத்தது. முத்திரைகள் போக எழுத இடமில்லாத பேப்பர் அது.

தை பிறந்து நாலாம் நாள் ரைபிளைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏறினேன். மதினி புது நெல் அரிசி இரண்டு படி பையில் போட்டுக் கொடுத்தார். பஸ் நகர்ந்ததும் கும்பிட்டார். என்னையா, போர்வையையா என்று தெரியவில்லை.

கண்டக்டர் போர்வையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கரும்பா?" என்றார்.

"துப்பாக்கிங்க. பேப்பர் இருக்கு."

"எதுவா இருந்தா என்ன, நீளத்துக்கு லக்கேஜ் டிக்கெட் எடு."

மெட்டில் செக்போஸ்ட். ஒரு வருடமாக இந்த நிமிடத்தைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். என்ன கேட்பார்கள், எந்தப் பேப்பரை முதலில் நீட்டுவது, மலையாளத்தில் எப்படிச் சொல்வது, எல்லாம். சட்டைப் பையில் பேப்பர்கள் வரிசையாக இருந்தன. காவலர் ஏறினார்.

"அரி உண்டோ? அரி?"

அப்போது தமிழ்நாட்டு அரிசி அனுமதியில்லாமல் மேலே போகக் கூடாது. பெண்கள் மடியில் கட்டியிருந்ததை எல்லாம் அவிழ்க்கச் சொன்னார். என்னிடம் வந்து போர்வையைக் காலால் தொட்டார்.

"இது எந்தா?"

"தோக்கு சார். பேப்பர் உண்டு." எழுந்து நின்று நீட்டினேன்.

"தோக்கோ? ஆ." பேப்பரை வாங்கவே இல்லை. "ஆ சஞ்சியில் எந்தா?"

பையைத் திறந்தேன். இரண்டு படி அரிசி. காவலரின் முகம் அப்போதுதான் முறைப்படி கடுமையானது. என்னைக் கீழே இறக்கி, ரிஜிஸ்டரில் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதி, அரிசியை எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். ரைபிள் அவ்வளவு நேரமும் சீட்டில் தனியாகக் கிடந்தது.

அனுமதிப் பேப்பரை இன்றுவரை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. ஒருவராவது படிக்கட்டுமே என்று வீட்டுக்கு வந்து மல்லிகாவை வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே கொட்டாவி விட்டாள்.

7

போன ஞாயிற்றுக்கிழமை செல்லப்பாண்டி வந்தான். கூடச் சின்னச்சாமி. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். சின்னச்சாமியின் தங்கைக்கும் செல்லப்பாண்டிக்கும் மாசியில் கல்யாணம். கிணற்றில் பாதி சீதனம் மாதிரி ஆகிவிட்டது. இனி முறைச் சண்டை இல்லை. மதினிதான் பேசி முடித்தாராம். மதினியின் மூளையில் கால்பங்கு அந்த இரண்டு ஜில்லா ஆபீசுக்கும் இருந்திருக்கலாம்.

சின்னச்சாமி நல்ல உயரம். வாய் ஓயாமல் பேசுகிறவன். வந்த கால் மணி நேரத்தில் என் வீட்டுக் கூரை, என் மாடு, என் மனைவியின் மலையாளம் கலந்த பேச்சு எல்லாவற்றையும் கிண்டல் செய்து முடித்திருந்தான்.

"மாமா, அந்தத் துப்பாக்கியைக் காட்டுங்களேன். ஊரு பூராம் அதைப் பத்தித்தான் பேச்சு."

செல்லப்பாண்டி டீயைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தான்.

குதிரைப் பாகத்தைக் கழற்றிவிட்டு வெறும் ரைபிளாக எடுத்துவந்து கொடுத்தேன். சின்னச்சாமி தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினான். பலாமரத்தைக் குறி பார்த்தான். மாட்டைக் குறி பார்த்தான். பிறகு செல்லப்பாண்டி பக்கம் திருப்பி, "மச்சான், தூக்குடா கையை!" என்றான்.

செல்லப்பாண்டியின் வேட்டியில் டீ கொட்டிவிட்டது.

"பார்றா, மாப்பிள்ளை பயந்துட்டான்!" சின்னச்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். ரைபிளை என் மடியில் போட்டான். "எத்தனை பன்னி மாமா சுட்டீங்க இதுவரைக்கும்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? இந்தக் குழாய்க்கா ஒரு வருசம் மலையேறி எறங்குனீங்க? ஒரு கட்டு வைக்கோலுக்கு நடுவுல சொருகி லாரியில போட்டிருந்தா ஒரே நாள்ல வந்திருக்குமே. எவன் கேக்கப் போறான்? இத்தனை வருசம் வெளியூர்ல இருந்தும் பொழைக்கத் தெரியாத ஆளாவே இருக்கீங்களே மாமா."

"அது வந்து…" என்றேன். செல்லப்பாண்டி வேட்டியில் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

மல்லிகா வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் பார்த்த முகம்.

"அது எதுக்கு இங்க வந்துச்சுன்னு உங்களுக்குத்…" என்று ஆரம்பித்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். கண்ணைக் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. வெறுமனே பார்த்தேன்.

"என்ன தாயி, என்னமோ சொல்ல வந்த?" என்றான் சின்னச்சாமி.

அவள் என்னையும், குனிந்திருந்த செல்லப்பாண்டியையும், சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு நெஞ்சு காற்றாட உட்கார்ந்திருந்த சின்னச்சாமியையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணுமில்லங்க. இன்னொரு டீ வேணுமான்னு கேட்டேன்."

"கொண்டா" என்றான். "சீனி கூடப் போடு. உங்க மலையில எல்லாமே ஒரு மாதிரி சப்புன்னு இருக்கு."

அவள் உள்ளே போய் இரண்டு கரண்டி கூடப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.